"பிரசவத்துக்குப் பின்" என்று வாய்தா போடாதீர்கள்: குடும்ப நல நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களின் மாண்பமை நீதிபதிகளுக்கும், அங்கே பணியாற்றும் ஆலோசகர்களுக்கும், அந்த நீதிமன்றங்களை மேற்பார்வை செய்யும் உயர் நீதிமன்ற நிர்வாகத்துக்கும்,

மனைவி கர்ப்பிணி என்று தெரிந்ததும் வழக்குக் கட்டின் மேல் ஒரு வரி விழுகிறது: "பிரசவத்துக்குப் பின்." சில இடங்களில் அதை நீதிபதி சொல்கிறார். சில இடங்களில் அது ஆலோசகரின் குறிப்பு. சில இடங்களில் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும் வாய்தா. யார் சொன்னாலும் நடப்பது ஒன்றுதான். விவாகரத்து மனு, இடைக்கால ஜீவனாம்ச மனு, மருத்துவச் செலவு மனு, தங்குமிடம் கேட்கும் மனு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நான்கைந்து மாதம் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அந்த நான்கைந்து மாதத்தில்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், பிரசவத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

இந்த வழக்குகளில் மனு எழுதுகிறவர்கள் நாங்கள். மனைவிக்காகவும் எழுதுகிறோம், கணவருக்காகவும் எழுதுகிறோம். "குழந்தை முகத்தைப் பார்த்தா மனசு மாறிடும்" என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலும் இந்த வாய்தா தரப்படுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதற்குச் சட்டத்தில் இடமும் இல்லை. யாரைக் காப்பாற்ற நினைத்து அந்த வரி எழுதப்படுகிறதோ, அந்தத் தாயின் தலையிலும் வயிற்றுப் பிள்ளையின் தலையிலும்தான் அது முதலில் விடிகிறது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் கர்ப்பத்தைப் பற்றிப் பேசுவது ஒரே ஒரு சூழலில்தான். திருமணத்தின்போதே மணமகள் வேறொருவரால் கர்ப்பமாக இருந்து, அது கணவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால், திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. அந்த மனுவையும் திருமணமான ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலும் இதே காரணம் இருக்கிறது. இவை தவிர, மனைவி கர்ப்பமாக இருந்தால் விவாகரத்து மனுவை ஏற்கக் கூடாது, விசாரிக்கக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று இந்த இரண்டு சட்டங்களிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

கர்ப்பத்தை நேருக்கு நேர் பார்த்து எழுதப்பட்ட சட்டமும் நம்மிடம் இருக்கிறது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம், விவாகரத்தின்போது மனைவி கர்ப்பமாக இருந்தால் இத்தா காலம், அதாவது விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் காலம், பிரசவம் வரை, அல்லது கர்ப்பம் முடிவுக்கு வரும் வரை என்று 2-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. 3-ஆம் பிரிவு, விவாகரத்துக்கு "முன்போ பின்போ" பிறந்த குழந்தையைத் தாய் வளர்த்தால், பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னாள் கணவர் அதற்கு வகை செய்ய வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் மீது வேறு விமர்சனங்கள் உண்டு. ஆனால் விவாகரத்துக்குப் பின் பிறக்கப்போகும் பிள்ளை என்று ஒன்று உண்டு என்பதை அது மறக்கவில்லை. மற்ற சட்டங்களின் மௌனத்தை நீதிமன்றங்கள் "காத்திரு" என்று படித்துக்கொள்வதுதான் எங்கள் குறை.

காத்திருக்கச் சொல்வதற்குச் சட்டப்படியான காரணம் இருக்கும் இடமும் ஒன்று உண்டு. அங்கே மட்டும் யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை என்பதுதான் வேதனை. பரஸ்பர சம்மத மனுவைச் சொல்கிறோம்.

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி, அந்த மனுவைப் போடும் நாளுக்கு முன் ஓராண்டாவது இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில் இருப்பது அல்ல, கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே விளக்கிவிட்டது. ஓராண்டு என்றால் 52 வாரம். கர்ப்ப காலம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினாலும், 40 வாரம். ஆகவே கணவரின் குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அந்த மனுவில் கையெழுத்திட்டால், மனுவில் உள்ள "ஓராண்டு" உண்மையாக இருக்க முடியாது என்று நாட்காட்டியே சொல்லிவிடும். ஒழுங்காக எண்ணினால், ஓராண்டு நிறைவதற்குள் குழந்தையே பிறந்திருக்கும்.

நடப்பது என்ன? கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மனுவைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றுகிறார்கள். நான்காவது, ஐந்தாவது பத்தியில் வழக்கமான வாசகம் அப்படியே நிற்கிறது: "மனுதாரர்கள் இருவரும் ஓராண்டுக்கும் மேலாகப் பிரிந்து வாழ்ந்து வருகின்றனர், அக்காலத்தில் அவர்களுக்கிடையே தாம்பத்திய உறவு ஏதுமில்லை." ஆறு மாத கர்ப்பிணி இதன் கீழ் கையெழுத்திடுகிறார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம் அவருக்கு. அவர் கையெழுத்திட்டது ஒரு சம்பிரதாய வரியில் அல்ல. பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கு இந்தக் கணவர் தகப்பன் இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்து ஒரு பாகப் பிரிவினை வழக்கில், அந்தப் பிள்ளையின் எதிரில் சித்தப்பாக்கள் நீட்டப்போகும் காகிதம் இதுதான்.

சட்டம் அந்தப் பிள்ளைக்கு ஒரு கவசத்தைக் கொடுத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவு. திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்தாலும், திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்தாலும், குழந்தை அந்தக் கணவருக்கே சட்டப்படி பிறந்தது என்பதற்கு அதுவே முடிவான சான்று. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுவதற்கு வாய்ப்பே இல்லாதிருந்தது என்று நிரூபித்தால் மட்டுமே இது உடையும். நிரூபிக்கும் சுமை மறுக்கிறவரைச் சேர்ந்தது. மனைவி கையெழுத்திட்ட மேற்படி வாசகம் அந்தச் சுமையில் பாதியை அவருக்காக இறக்கி வைத்துவிடுகிறது.

இன்னொரு முனையையும் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. "தாய் மறுமணம் செய்யாத நிலையில்" என்ற சொற்கள் முக்கியமானவை. கர்ப்பமாக இருக்கும்போது தீர்ப்பு வந்து, பிரசவத்துக்கு முன்பே அவர் வேறொருவரை மணந்துகொண்டால், பிறக்கும் குழந்தை இரண்டாவது திருமணத்துக்குள் பிறந்ததாகிவிடும். முதல் கணவருக்கு எதிரான ஊகம் போய்விடும். புதுக் கணவர் மேல் அது ஏறும். இதைத் தீர்ப்பு சொல்லும் நாளன்று இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

13-பி மனு சரியாகவே தாக்கலாகி, அதற்கும் இரண்டாவது முறை ஆஜராவதற்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில் இருவரும் சில நாள் சேர்ந்திருந்து கர்ப்பம் உண்டாவதும் நடக்கிறது. அப்போது இரண்டாவது முறை ஆஜராகும் நாளில் "சம்மதமா, சம்மதமா" என்று இருவரையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினால் போதாது. தீர்ப்பு வரும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெற இருவருக்கும் உரிமை உண்டு. குழந்தை என்ற புதிய உண்மை வந்தபின் அந்தச் சம்மதம் இன்னும் நிற்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆறு மாத இடைவெளியைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவிலும் இதே எச்சரிக்கை தேவை. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தள்ளுபடிக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு உள்ளிட்ட எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத ஒப்பந்தத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி பணம். இதில்தான் தாமதம் உடம்பைத் தொடுகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி போடும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2001-இல் சேர்க்கப்பட்ட வாசகம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 125) இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் அதே 60 நாள்தான். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இருதரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காக வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு மருத்துவச் செலவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 26-ஆம் பிரிவின்படி அந்த நிவாரணத்தை நீங்களே உங்கள் நீதிமன்றத்திலேயே தரலாம், பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் அலையவிட வேண்டியதில்லை. இவ்வளவும் இருக்கும்போது "பிரசவத்துக்குப் பின்" என்ற வரி எந்தப் பிரிவிலிருந்து வருகிறது?

"மனு போட்ட நாளிலிருந்து சேர்த்துத் தருவோம், என்ன நஷ்டம்?" என்று கேட்கப்படுகிறது. எட்டு மாத நிலுவையை மொத்தமாகக் கையில் கொடுப்பதால், 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டிய குறைபாடு காணும் ஸ்கேனை 30-ஆவது வாரத்தில் எடுத்து ஈடு செய்ய முடியாது. அது மட்டுமல்ல, நிலுவையை வசூலிக்கத் தனி மனு, தனி வாய்தா. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அந்த மனுவுக்கும் வர வேண்டும்.

உத்தரவு வந்தாலும் அது பெரும்பாலும் மாதம் இவ்வளவு என்ற ஒற்றைத் தொகையோடு நின்றுவிடுகிறது. பிரசவச் செலவு மாதச் செலவு அல்ல. அது ஒரே வாரத்தில் வந்து விழும். சுகப்பிரசவமா, அறுவையா, குழந்தையைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே உத்தரவில் மூன்று அடுக்கு வேண்டும்: மாதத் தொகை ஒன்று, பரிசோதனை, ஸ்கேன், மருந்துக்கு ரசீது கொடுத்த ஏழு நாளில் தர வேண்டியது ஒன்று, பிரசவத்துக்காக 34-ஆவது வாரத்துக்குள் நீதிமன்றத்திலோ மனைவியின் கணக்கிலோ கட்டிவிட வேண்டிய முன்தொகை ஒன்று. முன்தொகையில் மிச்சம் இருந்தால் பின்னால் ஜீவனாம்சத்தில் கழித்துக்கொள்ளலாம், கணவருக்கு நஷ்டமில்லை. அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் வருகிறதே என்ற வாதத்தையும் எதிர்த்தரப்பில் வைக்கிறார்கள். அது தாயின் ஊட்டத்துக்காக அரசு தருவது. கணவரின் கடமையிலிருந்து கழிக்க வேண்டிய தொகை அல்ல.

கணவர் தந்தைமையை மறுத்து டி.என்.ஏ. பரிசோதனை கேட்டால், அதைக் காரணம் காட்டி ஜீவனாம்சத்தை நிறுத்தி வைப்பதும் நடக்கிறது. திருமணம் நிலைத்திருக்கிறது, மனைவி என்ற முறையில் அவருக்குள்ள ஜீவனாம்சம் குழந்தை யாருடையது என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் இருக்கும்போதே சோதனை கேட்கும் மனுக்கள் இன்னும் மோசம். பிறப்புக்கு முந்தைய கண்டறியும் முறைகளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பட்டியலிட்டிருக்கிறது. மரபணுக் கோளாறுகளும் பிறவிக் குறைகளும் அதில் இருக்கின்றன. தகப்பன் யார் என்று பார்ப்பது இல்லை. பிறந்த பின்னும்கூட வழக்கமான ஒன்றாக டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

ஆலோசகர்களிடம் ஒன்று. "ஒரு மாசம் சேர்ந்து இருந்து பாருங்க" என்று கர்ப்பிணியைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்புகிறீர்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சமரச முயற்சியை வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ற அளவில்தான் கேட்கிறது. அடி வாங்கி வந்தவரை அடித்தவர் வீட்டுக்கு அனுப்பும் சோதனை அதில் அடங்காது. சட்ட விளைவையும் பாருங்கள். கொடுமையின் பேரில் விவாகரத்துக் கேட்கிறவர் அந்தக் கொடுமையை மன்னித்து ஏற்றிருக்கக் கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. உங்கள் பேச்சைக் கேட்டு அவர் போய் ஒரு மாதம் இருந்தால், அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு எழுந்து "மன்னித்துவிட்டார், சேர்ந்து வாழ்ந்தார்" என்கிறது. பரஸ்பர சம்மதத்துக்கான ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்குகிறது. இதெல்லாம் நடக்கும் என்று அனுப்புமுன் அவருக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. "கர்ப்பமாக இருக்கிறாரே, அப்புறம் என்ன கொடுமை?" என்ற கேள்வி ஆலோசனை அறையிலேயே கேட்கிறது. கர்ப்பம் ஒரு நாளின் செய்தி. கொடுமை பல ஆண்டுகளின் செய்தியாக இருக்கலாம். ஒன்று மற்றதற்கு மறுப்பு ஆகாது. அதேபோல், வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போனதையே "கைவிட்டுப் போனார்" என்று மனுவில் எழுதுகிறார்கள். கைவிடுதல் என்ற காரணத்துக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விலகியிருப்பதும், திரும்பக் கூடாது என்ற எண்ணமும் வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது அதில் சேராது.

அந்தத் தாய் வீடு வேறு மாவட்டத்தில் இருக்கும். மனைவி மனுதாரராக இருந்தால் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2003-இல் வந்த திருத்தம் வழி விடுகிறது. கணவர் முந்திக்கொண்டு தன் ஊரில் போட்டுவிட்டால், மனைவி சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ மாற்றல் மனு போட வேண்டும். அது முடியும் வரை பஸ்ஸில்தான் வர வேண்டும்.

வந்தால்? காலை 10.30 மணிக்கு வராந்தாவில் நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டு மாத வயிற்றோடு இருக்கும் பெண் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், ஆனால் மூடி திறந்திருக்காது. கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில். போயிருக்கும் நேரத்தில் டவாலி பெயர் கூப்பிட்டுவிட்டால் ஆளில்லை என்று பதிவாகிவிடும். அந்தப் பயத்தில் மதியம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். குறைப்பிரசவம் வரை கொண்டுபோகும். கர்ப்பப் பரிசோதனை வழக்கமாக 28-ஆவது வாரம் வரை மாதம் ஒருமுறை, 36 வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வாரம் ஒருமுறை. வாய்தாத் தேதியை வைக்கும்போது அந்தத் தேதியை யாரும் கேட்பதில்லை.

இதைவிட ஆபத்தானது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. பிரசவத்தை ஒட்டி வைக்கப்பட்ட தேதியில் அவர் வரவில்லை என்று தீர்ப்பாகிவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள்தான் காலக்கெடு. பிரசவத்துக்குப் பின் உடல் தேறும் காலம் என்று மருத்துவம் வைத்திருப்பது 42 நாள். படுக்கையில் இருக்கும்போதே கெடு போய்விடுகிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போடலாம்தான்; அதற்கும் எதிர் மனு, அதற்கும் வாய்தா. பிரசவித்த பெண்ணை ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 59-ஆம் பிரிவு (பழைய 1961-ஆம் ஆண்டு மகப்பேறுச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு) முதலாளிகளுக்குச் சொல்கிறது. அந்த ஆறு வாரம் நீதிமன்றத்துக்கும் பொருந்த வேண்டாமா?

ஒரு விஷயத்தில் ஒப்பந்த வரைவுகளைப் பார்க்கும்போது கை நடுங்குகிறது. "மனைவி கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்" என்ற நிபந்தனையைப் பணத்தோடு சேர்த்து எழுதுகிறார்கள். கருக்கலைப்புச் சட்டத்தின்படி வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், அது ஒன்றே வேண்டும். கணவரின் சம்மதத்துக்கும் இடமில்லை, கட்டளைக்கும் இடமில்லை. சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம். விலை பேசி வாங்கிய சம்மதத்தை நீதிமன்றம் பதிவு செய்யவே கூடாது. மறுபுறம், அவரே தன் விருப்பத்தில் கலைக்க நினைத்தால், 2021-ஆம் ஆண்டு விதிகளில் 3-பி விதி, கர்ப்ப காலத்தில் மண நிலை மாறிய பெண்ணுக்கு 24 வாரம் வரை வழி தருகிறது. விதவையாதலும் விவாகரத்தும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஒரு மாத வாய்தா என்பது நான்கு வாரம். 20-ஆவது வாரத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது வெறும் தேதி அல்ல, வாசல் மூடும் நேரம்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்று இப்போதே தீர்ப்பு எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பிறந்த குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதே பிரிவு, தீர்ப்புக்குப் பின்னும் குழந்தைக்காக மனு போட வழி வைத்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தகப்பன் இறக்கும்போது கருவில் இருந்து பின் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு முன்பே பிறந்த குழந்தைக்குள்ள அதே உரிமையைத் தருகிறது. ஆகவே குழந்தை பிறக்கும் வரை தீர்ப்பை நிறுத்துவதற்குப் பதில், தீர்ப்பில் அதற்கு இடம் வைக்கலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு தாய் எழுதிக்கொடுக்கும் வாசகம் குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைத் தொடாது. அது அவர் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை அல்ல. அப்படி எழுதி வரும் வரைவைத் திருப்பி அனுப்புங்கள்.

தீர்ப்புத் தேதியைப் பிரசவத்துக்குப் பின் வைக்க ஒரு நல்ல காரணமும் உண்டு. மனைவியின் பிரசவச் செலவு கணவரின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் வருவதாக இருந்தால், விவாகரத்தான அன்றே அவர் அந்தக் காப்பீட்டில் "துணைவி" என்ற இடத்தை இழக்கிறார். அப்படிப்பட்ட வழக்கில் விசாரணையை முடித்துவிட்டு, தீர்ப்பை மட்டும் தள்ளி வைப்பது அவருக்கு நன்மை. ஆனால் அதை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

கர்ப்பிணி தரப்பாக உள்ள ஒவ்வொரு வழக்கிலும், தாய் சேய் நல அட்டையில் உள்ள எதிர்பார்க்கும் பிரசவத் தேதியைக் கட்டின் மேல் குறித்து வையுங்கள். அந்த அட்டையையும் முதல் மூன்று மாத ஸ்கேன் அறிக்கையையும் போதுமான சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தை நிரூபிக்கச் சொல்லி இன்னொரு வாய்தா வேண்டாம். இடைக்கால ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, தங்குமிடம் ஆகிய மனுக்களை விவாகரத்து மனுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பட்டியலிட்டு 60 நாளுக்குள் முடியுங்கள். உத்தரவில் மேலே சொன்ன மூன்று அடுக்கும் இருக்கட்டும்.

பரஸ்பர சம்மத மனு வரும்போது, கடைசியாகக் கணவன் மனைவியாக வாழ்ந்த தேதி, மனைவி கர்ப்பமா என்ற விவரம், குழந்தை தன்னுடையது என்று கணவர் ஏற்கிறாரா என்ற வாசகம் மூன்றும் இருக்கிறதா என்று அலுவலகம் சரிபார்க்கட்டும். ஓராண்டு நிறையவில்லை என்றால் அந்தக் காரணத்தை எழுதித் திருப்பிக் கொடுங்கள்; பொய்யான ஓராண்டை ஏற்காதீர்கள். குழந்தைக்காகப் பிறந்த பின் மனு போடும் உரிமை நிற்கிறது என்ற ஒரு வரி ஒவ்வொரு தீர்ப்பிலும் இருக்கட்டும். கருக்கலைப்பை நிபந்தனையாக்கும் எந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்யாதீர்கள்.

36-ஆவது வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை, அவரே கேட்டாலொழிய, நேரில் ஆஜராகச் சொல்லாதீர்கள், காணொலியில் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வேண்டாம். நேரில் வரும் நாட்களில் கர்ப்பிணிகளின் வழக்கை முதலில் கூப்பிடுங்கள். ஆலோசகர்கள் யாரையும் "சேர்ந்து இருந்து பார்" என்று அனுப்புமுன், அதன் சட்ட விளைவைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கட்டும். மருத்துவ நிபுணரின் உதவியைப் பெறக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

உயர் நீதிமன்ற நிர்வாகம் இவற்றை ஒரு சுற்றறிக்கையாக எல்லாக் குடும்ப நல நீதிமன்றங்களுக்கும் அனுப்ப வேண்டும். வருமான வரம்பில்லாமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதையும், 15100 என்ற சட்ட உதவி எண்ணையும் ஒவ்வொரு நீதிமன்ற வராந்தாவிலும், மகப்பேறு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவிலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். "பிரசவத்துக்குப் பின்" என்று இன்றைக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும் ஜீவனாம்ச மனுக்கள் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் எத்தனை என்று எண்ணி, அவற்றை அடுத்த இரு வாரத்துக்குள் மறுபடி விசாரணைக்கு எடுக்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப நல வழக்குகளில் மனு எழுதும் வழக்கறிஞர்கள் சிலர்